மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் படுத்துவிட்டேன்: 46 வயதில் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய ரைடர் (பாளையங்கோட்டை) – ஆகஸ்ட் 4

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் படித்த காலத்தில் மாவட்ட அணிக்காகக் கபடி ஆடியவன் நான். இருபத்து மூன்றாம் வயதில் வங்கி வேலை கிடைத்தது. அதன்பின் துறைத் தேர்வு, பதவி உயர்வு, ஊர் மாற்றம், திருமணம், வீட்டுக்கடன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில், உடம்பு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வருவதற்கே பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது உயரம் 172 செ.மீ., எடை 94 கிலோ, இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ. சென்ற மாதப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை) 6.2, இரத்த அழுத்தம் 142/90 என்று வந்தது. மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. நான்கு மாதம் அவகாசம் தந்து, நடந்து, வாயைக் கட்டி, திரும்பி வரும்படி சொல்லி அனுப்பினார்.

உடற்பயிற்சியின் நன்மைகளை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே மூன்று முறை தொடங்கியவன் நான். 2018-இல் ஒரு விடியற்காலையில் வ.உ.சி. மைதானத்தில் இறங்கி, முதல் நாளே பத்துச் சுற்று ஓடினேன். மூன்றாம் நாள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, பதினைந்து நாள் நொண்டினேன். 2021-இல் ஊரடங்கு தளர்ந்ததும் ஒரு ஜிம்மில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். இரண்டாம் வாரம், பக்கத்தில் நின்ற இருபத்தைந்து வயதுப் பையன் தூக்கிய எடையை நானும் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. 2023-இல் ஓட்டமும் வேண்டாம், இரும்பும் வேண்டாம் என்று முடிவுசெய்து, அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி, முதல் நாளிலிருந்தே பத்தாயிரம் அடி நடந்தேன். ஐந்தாவது வாரம் வலது குதிகாலில் வலி தொடங்கியது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியின் மேல் மிதித்ததுபோல இருக்கும். பத்தடி நடந்ததும் குறையும். இன்றும் அது முழுமையாகப் போகவில்லை.

மூன்று முறையும் நான் சோம்பலால் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சோம்பேறியாக இருந்திருந்தால் காரணமாவது புரிந்திருக்கும். நீண்ட காலம் கைவிட்ட உடம்பை மீட்டவர்கள் இங்கே இருந்தால், எந்த அளவிலிருந்து தொடங்கினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்காரி – ஆகஸ்ட் 4

அண்ணா, நான் இயன்முறை மருத்துவம் பார்ப்பவள். உங்கள் மூன்று கதைகளும் ஒரே கதைதான். மூன்று முறையும் உங்கள் மூச்சு தாங்கியது, கால் தாங்கவில்லை.

பயிற்சியைத் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் இரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கிவிடும். தசை அதற்கு அடுத்தபடியாக வலுப்பெறும். ஆனால் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாணுக்கும், உள்ளங்காலில் வில்லின் நாண்போல இழுத்துக் கட்டியிருக்கும் சவ்வுக்கும் இரத்த ஓட்டம் குறைவு. அவை புதிய சுமைக்குப் பழகப் பல மாதங்கள் ஆகும். ஆகவே மூன்றாம் வாரத்தில் 'மூச்சு வாங்கவில்லையே, இன்னும் கொஞ்சம் கூட்டலாம்' என்று தோன்றும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். பழைய விளையாட்டுக்காரர்கள்தாம் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். வாழ்நாளில் ஓடியே அறியாதவர் பயந்து பயந்து தொடங்குவார். நீங்களோ இருபது வயதில் எந்த அளவில் விட்டீர்களோ அதே அளவிலிருந்து தொடர நினைக்கிறீர்கள். அப்போது உங்கள் எடை என்ன, அண்ணா? எழுபதுக்குள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்று ஒவ்வோர் அடியிலும் அதே குதிகால் இன்னும் இருபத்தைந்து கிலோவைச் சேர்த்துத் தாங்குகிறது.

குதிகாலைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்லும் காலை முதலடி வலி, உள்ளங்கால் சவ்வு அழற்சிக்கே உரிய அடையாளம். நேரில் யாரிடமாவது காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். வெறுங்காலுடன் டைல்ஸ் தரையில் நடப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். வீட்டுக்குள் செருப்பு போடுவது நம் வழக்கம் இல்லை என்று அம்மா சொல்வார்கள். வெளியே கொண்டுபோகாத மெத்தென்ற செருப்பு ஒன்றை வீட்டுக்கென்றே தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியும், படிக்கட்டின் விளிம்பில் முன்காலை ஊன்றி நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சியும் ஒன்றுவிட்டு ஒருநாள் செய்ய வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு ஒரு சிறிய சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். முதியோருக்காக வகுத்த சோதனை இது. 60 முதல் 64 வயது வரையிலான ஆண்கள் 14 முறைக்குக் கீழே செய்தால் சராசரிக்குக் குறைவு என்று கொள்வார்கள். உங்களுக்கு வயது 46-தான். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை (கோவை) – ஆகஸ்ட் 5

நண்பரே, எல்லோரும் காலைப் பற்றியே பேசுகிறார்கள். நான் வாயைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் எடையில் ஒருவர் அரை மணி நேரம் சுமாரான வேகத்தில் நடந்தால் ஏறத்தாழ 160 கலோரி செலவாகும். வங்கியில் ஒரு நாளைக்கு ஐந்து டீ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 50 கிராம், அதாவது 200 கலோரி. அரை மணி நேரம் வியர்த்து நடந்ததைச் சர்க்கரை மட்டுமே விழுங்கிவிடுகிறது; பாலைக்கூட நான் கணக்கில் சேர்க்கவில்லை. ரேஸ்கோர்ஸில் தினமும் காலையில் நடப்பவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நடை முடிந்ததும் நேராக வடைக்குப் போகும் கூட்டத்துக்கு, நான் பார்த்த ஆறு ஆண்டுகளில், தொப்பை குறையவே இல்லை.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நடந்தே அதைக் கரைத்துவிடலாம் என்று நினைப்பவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். என் யோசனை இதுதான்: முதல் மூன்று மாதம் நடையை மறந்துவிட்டுத் தட்டை மட்டும் திருத்துங்கள். எடை 85-க்கு வந்த பிறகு நடந்தால் குதிகாலும் வலிக்காது.

தஞ்சை டீச்சர் – ஆகஸ்ட் 5

கணக்குப்பிள்ளை சார் போட்ட கணக்கு சரி; அதிலிருந்து அவர் வந்த முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நானும் அப்படித்தான் செய்தேன். எனக்கு இப்போது 53 வயது. ஐம்பதாவது வயதில் மூன்று மாதம் அரைப்பட்டினி கிடந்து ஒன்பது கிலோ குறைத்தேன். பள்ளியில் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறும்போது முன்பைவிட அதிகமாகக் கால் நடுங்கியது. கொழுப்போடு தசையும் சேர்ந்தே போயிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குத் தசையும் எலும்பும் தாமாகவே வேகமாகத் தேயும். அந்த நேரம் பார்த்துப் பட்டினியும் கிடந்தால், எடை பார்க்கும் எந்திரம் நல்ல செய்தி சொல்லும், முழங்கால் கெட்ட செய்தி சொல்லும். அந்த ஒன்பது கிலோவில் ஏழு கிலோ அடுத்த ஆண்டே திரும்பி வந்தது. வந்ததெல்லாம் தொப்பையாகத்தான் வந்தது.

இரண்டாம் முறை வேறு மாதிரி தொடங்கினேன். தனியாக நேரம் ஒதுக்குவது என்பது எங்களைப் போன்ற பெண்களுக்கு நடக்காத காரியம். காலை நான்கரைக்கு எழுந்தால் ஏழே முக்காலுக்குப் பேருந்து. இடையில் இருப்பது சமையலறை மட்டுமே. எனவே குக்கர் மூன்று விசில் அடிக்கும் வரை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவேன். காய் நறுக்குவதைத் தரைக்கு மாற்றினேன். சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. கேட்பவர்களுக்கு இது பயிற்சியாகவே தோன்றாது. என் அம்மா எண்பது வயதிலும் அப்படித்தான் எழுந்தார்கள். சாப்பாட்டு மேசையும் சோபாவும் வந்த பிறகு நாங்கள்தாம் அந்தப் பழக்கத்தைத் தொலைத்தோம்.

நடக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது, நல்ல திட்டம். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பெண் தனியாக நடக்க வேண்டும் என்றால் தெருவிளக்கு எரிய வேண்டும், நாய் துரத்தக் கூடாது. இரண்டும் எங்கள் தெருவில் இல்லாததால் மொட்டைமாடியில்தான் நடக்கிறேன்.

பழைய ரைடர் – ஆகஸ்ட் 5

தங்கை சொன்ன நாற்காலிச் சோதனையைச் செய்தேன். பதினொன்று. மகனைக் கடிகாரம் பார்க்கச் சொல்லியிருந்தேன். அவன் சிரிக்காமல் இருந்ததுதான் அதிகமாக வலித்தது. அறுபது வயதுக்காரருக்குரிய அளவைக்கூட எட்டவில்லை. ஒரு காலத்தில் நான்கு பேர் காலைப் பிடித்துத் தொங்கும்போதும் நடுக்கோட்டைத் தொட்டவன், வெறும் நாற்காலியிலிருந்து பன்னிரண்டாம் முறை எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பி.டி. வாத்தியார் (ஓய்வு) – ஆகஸ்ட் 6

தம்பி, முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் விசில் ஊதியவன் நான். கபடிக்காரன் என்று எழுதியிருந்ததால் படிக்க உட்கார்ந்தேன். பதினொன்று என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் இன்றைய எண். அதற்காக வெட்கப்படாதீர்கள். உங்களிடம் இதுவரை இல்லாமல் இருந்தது அந்த எண்தான். மூன்று முறையும் இருபது வயதுக் கணக்கை வைத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கியிருக்கிறீர்கள்.

பள்ளியில் புதிதாகச் சேரும் ஆறாம் வகுப்புப் பையனை முதல் நாளே பத்துச் சுற்று ஓடவிடுவேனா? மாட்டேன். அவனிடம் இருக்கும் அந்த இரக்கத்தை உங்கள் உடம்பிடமும் காட்டுங்கள். பழைய சிலம்பக் கூடங்களிலும் குஸ்திக் களரிகளிலும் தண்டாலும், உட்கார்ந்து எழும் பஸ்கியும்தாம் அடிப்படை. கர்லாக்கட்டையை அதற்குப் பிறகுதான் கையில் கொடுப்பார்கள். நீங்கள் தண்டாலைச் சுவரில் தொடங்குங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று, கைகளை ஊன்றி, மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். சுவரில் இருபது எளிதாக வந்த பிறகு மேசை விளிம்புக்கும், அதன் பிறகு கட்டில் விளிம்புக்கும், கடைசியில் தரைக்கும் இறங்கலாம். பஸ்கியை நாற்காலியில் தொட்டு எழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு எண்ணிக்கை, ஒரு நிமிட ஓய்வு, மீண்டும் எட்டு. வாரத்தில் மூன்று நாள் போதும். இன்னும் இரண்டு செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். முடியாத அளவுக்குப் போனால் மறுநாள் உடம்பு கணக்கைத் தீர்த்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு எழாதீர்கள். உங்கள் இரத்த அழுத்தத்துக்கு அது ஆகாது. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

தாமிரபரணிக்காரி – ஆகஸ்ட் 6

ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. நடையைச் சமதரையில் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து தொடங்குங்கள் அண்ணா. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். பஸ்கியைக் கூட்டிய வாரத்தில் இரண்டையும் தொடாதீர்கள். வலி வந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி. பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடையில் வரும் கடுப்பு இயல்பானது, தானே போய்விடும். மூட்டிலோ குதிகாலிலோ ஒரே புள்ளியில் குத்தும் வலி அப்படிப்பட்டதன்று. அது வந்தால் முழுமையாக நிறுத்தாமல் பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் முழுமையாக நிறுத்தியதால்தான் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்க நேர்ந்தது.

கணக்குப்பிள்ளை – ஆகஸ்ட் 6

பன்னிரண்டு நிமிட நடை, எட்டுப் பஸ்கி. மன்னிக்க வேண்டும், இதனால் எடை எத்தனை கிராம் குறையும் என்று யாராவது சொல்ல முடியுமா? உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்று சொல்கிறது. எல்லோரும் சொல்லும் பத்தாயிரம் அடி ஒன்றும் காற்றில் வந்த எண் இல்லையே.

ஏட்டுச்சுரைக்காய் – ஆகஸ்ட் 7

கணக்குப்பிள்ளை சார், பத்தாயிரம் அடி கிட்டத்தட்டக் காற்றில் வந்த எண்தான். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். 'பத்தாயிரம் அடி மானி' என்பது பொருள். விளம்பரத்துக்கு வசதியான முழு எண்ணாக அது நிலைத்துவிட்டது. அடி கூடக் கூட நன்மை கூடுகிறது என்பது உண்மை; ஆனால் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி, ஒன்றுமே நடக்காதவர் கொஞ்சம் நடக்கத் தொடங்கும் கட்டத்திலேயே கிடைத்துவிடுகிறது. 150 நிமிடம் என்று சொல்லும் அதே 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், கொஞ்சமாவது செய்வது எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்ற கருத்தும், வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்த வேண்டும் என்ற பரிந்துரையும் இருக்கின்றன. பஸ்கியும் தண்டாலும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ரைடர் அண்ணனுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தி, அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். பிறகு கடும் பயிற்சி கொடுத்தும் அளந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, அதே ஐந்து பேரை ஐம்பது வயதில் மீண்டும் அழைத்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாக ஏறியிருந்தது, உடற்கொழுப்பு இரட்டிப்பாகியிருந்தது. ஆனாலும் முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தது செய்த கேடு அதிகமாக இருந்தது. பிறகு ஆறு மாதம் படிப்படியாகக் கூட்டிய பயிற்சியில், வயதால் இழந்திருந்த திறனை அவர்கள் மீட்டுவிட்டார்கள். அதாவது, இருபது வயதில் பயிற்சிக்கு முன்பு இருந்த நிலைக்கு வந்தார்கள். இருபது வயதில் கடும் பயிற்சிக்குப் பிறகு எட்டியிருந்த உச்சத்தை அவர்களில் ஒருவர்கூடத் தொடவில்லை. ஐந்தே பேரை வைத்துச் செய்தது என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு பழைய கபடி வீரர் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்ற இரண்டுமே அதில் இருக்கின்றன.

எடை குறையாமல் பயன் உண்டா என்று கேட்டால், நம் சென்னையிலேயே மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இருக்கிறது. அது 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர். சராசரி வயது நம் ரைடருடைய வயதேதான், 46. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்ட பிரிவினரிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை.

கணக்குப்பிள்ளை – ஆகஸ்ட் 7

ஒப்புக்கொள்கிறேன், பத்தாயிரம் அடி விவரம் எனக்குப் புதிது. ஆனால் உணவை விட்டுவிட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 108 செ.மீ. இடுப்பு விளையாட்டில்லை. நம் நாட்டு ஆண்களுக்கு 90-உம் பெண்களுக்கு 80-உம் தாண்டக் கூடாது என்பதே அளவு.

தஞ்சை டீச்சர் – ஆகஸ்ட் 7

உணவை யார் விடச் சொன்னது சார்? பட்டினியைத்தான் வேண்டாம் என்கிறேன். நம் சாப்பாட்டில் கலோரியில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்துதான். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்றால் மூன்று வேளையும் அரிசியே வேறு வேறு வேடத்தில் வருகிறது. சோற்றை நிறுத்தினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நான்கு சப்பாத்தி சாப்பிடுவோரும் என் வீட்டிலேயே இருக்கிறார். நான் செய்தது இதுதான்: தட்டில் முதலில் பொரியலும் கூட்டும், அவற்றைப் பாதி தின்ற பிறகு சோறு. சோற்றுக் கரண்டியைச் சிறியதாக மாற்றினேன். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல் அல்லது ஒரு முட்டை. முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. சாம்பாரில் மிதக்கும் பருப்பைக் கொண்டு அந்தக் கணக்கை நிரப்ப முடியாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிட நடை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. சாப்பிட்டதும் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும்.

இரவுப்பணி – ஆகஸ்ட் 9

நான் செவிலியர். இந்த உரையாடலைப் படித்துவிட்டு நாளையே தொடங்கப்போகும் மற்றவர்களுக்காகச் சில வார்த்தைகள். ரைடர் அண்ணன் மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. ஆனால் இன்சுலின் போடுவோரும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்போரும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே நின்று மூன்று கரண்டி சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நடக்கப் போகும்போது சட்டைப்பையில் அது இருக்கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்போருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவர்கள் புல்தரையில்கூட வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலும், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலும் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அண்ணனிடம் ஒரு கேள்வி. 142/90 எப்படி எடுத்தார்கள்? மாடிப்படி ஏறி வந்து, டீ குடித்த கையோடு எடுத்த அளவு என்றால் அதை நம்ப வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, சாய்ந்து, கையை மார்பு உயரத்தில் மேசைமேல் வைத்து எடுக்க வேண்டும். ஒரு வாரம் வீட்டில் எடுத்துக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கருவி வாங்க முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு பல ஊர்களில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். இன்னொன்று, நீங்கள் குறட்டை விடுவீர்களா? இதை உங்கள் வீட்டம்மாவிடம்தான் கேட்க வேண்டும். குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வந்தால், இரத்த அழுத்தத்துக்கும் பகல் நேரச் சோர்வுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பழைய ரைடர் – செப்டம்பர் 14

ஆறு வாரம் ஆகிவிட்டது. குறட்டை உண்டு, ஆனால் மூச்சு நிற்பதில்லை என்று மனைவி இரண்டு இரவு விழித்திருந்து தீர்ப்பளித்தாள். வீட்டில் எடுத்த இரத்த அழுத்தம் பெரும்பாலும் 134/86 அளவில் வருகிறது.

முதல் இரண்டு வாரம் அவமானமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பன்னிரண்டு நிமிடம் நடந்துவிட்டு நான் மைதானத்தை விட்டுக் கிளம்பும்போது, என்னைவிட இருபது வயது மூத்தவர்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான்காம் வாரம், தங்கை எச்சரித்தபடியே, ஓடிப் பார்க்கலாமே என்ற ஆசை வந்தது. அன்று மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடிப் பயிற்சி நடந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம். ஓடவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் தண்டால் எடுத்துக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டேன். இப்போது நடை 24 நிமிடம், பஸ்கி பத்துப் பத்தாக மூன்று முறை. குதிகால் வலி காலையில் கொஞ்சம் இருக்கிறது. ஆணி இல்லை, கூழாங்கல் என்று சொல்லலாம். டீ ஐந்திலிருந்து இரண்டாகிவிட்டது, இரண்டிலும் சர்க்கரை இல்லை. முதல் பத்து நாள் கஷாயம் குடிப்பதுபோல இருந்தது.

எடை 92.6. கணக்குப்பிள்ளை சார் திட்டுவார் என்று தெரியும். ஹெச்பிஏ1சி இப்போதே எடுத்துப் பார்க்கலாமா?

இரவுப்பணி – செப்டம்பர் 14

வேண்டாம் அண்ணா. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அந்த அணுவில் படிந்த சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. ஆறு வாரத்தில் எடுத்தால் பழைய கணக்கும் புதிய கணக்கும் கலந்து வரும், மனம் தளர்ந்துபோவீர்கள். மருத்துவர் தந்த அவகாசம் முடியும்போது எடுங்கள்.

கணக்குப்பிள்ளை – செப்டம்பர் 15

திட்டமாட்டேன். டீயில் சர்க்கரையை நிறுத்தியதே எனக்கு மரியாதை செய்ததுதான். இடுப்பை அளந்தீர்களா?

பழைய ரைடர் – டிசம்பர் 8

இடையில் தீபாவளி வந்தது. மூன்று நாள் அதிரசமும் முறுக்குமாக ஓடியது. அதைத் தொடர்ந்து தாமிரபரணியில் வெள்ளம் வருகிற மாதிரி மழை, மைதானம் சேறு. பத்து நாள் நடையே இல்லை. முன்பென்றால் அத்தோடு முடிந்திருக்கும். இம்முறை வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன், பஸ்கியை விடவில்லை. மழை விட்டதும் முன்பு செய்ததில் பாதியிலிருந்து திரும்பத் தொடங்கினேன்.

நேற்று பரிசோதனை முடிவு வந்தது. ஹெச்பிஏ1சி 5.8. எடை 89.3 கிலோ, இடுப்பு 101 செ.மீ. இன்னும் விளிம்பிலிருந்து முழுமையாக இறங்கவில்லை, 5.7-க்குக் கீழே போக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், உப்பை மட்டும் இன்னும் குறைக்கச் சொன்னார். நாற்காலியில் பதினெட்டு. மகன்தான் மறுபடியும் எண்ணினான்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று. பொங்கலுக்கு எங்கள் ஊரில் பழைய ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு காட்சிப் போட்டி வைக்கிறார்கள். என் பெயரை என்னைக் கேட்காமலேயே போட்டுவிட்டார்கள். இரண்டு நாளாகத் தூக்கத்தில்கூடப் பாடிக்கொண்டு போகிறேன். வாத்தியார் ஐயா என்ன சொல்கிறீர்கள்?

தாமிரபரணிக்காரி – டிசம்பர் 8

ஐயா சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்தில் நீங்கள் நேர்க்கோட்டில் நடக்கப் பழகியிருக்கிறீர்கள். கபடியில் வேகமாகப் போய்ச் சட்டென்று நின்று, திரும்பி, பக்கவாட்டில் தாவ வேண்டும். அதுவும் காலை நான்கு பேர் பிடித்து முறுக்கும்போது. குதிகாலின் பின்னால் இருக்கும் நாண் அறுந்து வருகிறவர்களை ஒவ்வொரு பொங்கலுக்குப் பிறகும் பார்க்கிறேன். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள்.

பி.டி. வாத்தியார் (ஓய்வு) – டிசம்பர் 9

தம்பி, ஆட வேண்டாம். நடுவராகப் போகிறேன் என்று சொல்லுங்கள். இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி, நாற்பது நிமிடம் எல்லைக்கோட்டோடு நடந்துகொண்டே இருக்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது. விசில் இல்லையென்றால் முகவரி அனுப்புங்கள், என்னுடையதைத் தருகிறேன்.

பழைய ரைடர் – டிசம்பர் 9

சொல்லிவிட்டேன் ஐயா. விசிலை நேரில் வந்தே வாங்கிக்கொள்கிறேன்.